பில்லில் வராத கைகள்

நண்பரின் கார்க் கதவு ஒடுங்கிப்போனது. சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட்டில் இருந்த சொற்கள் அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. தாம்பரம் முடிச்சூர் சாலையில் தனக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவரிடம் என்னை அழைத்துப்போனார்.

"நகத்த வெச்சு இழுத்துப் பாருங்க சார். மாட்டலன்னா கீறல் கிளியரோட நின்னுடுச்சு, ரப்பிங் பாலிஷ் போதும். மாட்டுச்சுன்னா பெயிண்ட்தான்." முதல் பாடம் அது. தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் பளபளப்புக்கும் காவலுக்கும் கிளியர் கோட்.

நண்பரின் கதவில் ஒடுக்கு எடுக்கும் டிங்கரிங் முடிந்து, பள்ளம் நிரப்பப் பட்டி போட்டிருந்தார்கள். 80ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று தேய்ப்பு போகிறது. நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். நடுவில் பெயிண்டர் கறுப்புப் பெயிண்டைத் தின்னரில் கரைத்து மெல்லிசாகத் தூவி, மறுபடி தேய்த்தார். மேடெல்லாம் வெளுக்க, பள்ளத்தில் மட்டும் கறுப்பு நின்றது. அங்கே திரும்பவும் பட்டி. கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகுதான் விட்டார். புதுப்பேட்டையில் எடுபிடியாகச் சேர்ந்தபோது இரண்டு வருஷம் அவரை வாட்டர் பேப்பர் மட்டுமே பிடிக்க விட்டார்களாம். ஸ்பிரே கன்னைத் தொட விடவில்லை.

அடுத்தது நிறம். அதற்கு ஷேடு கலக்கும் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

கிளியர் அடிக்கும்போது முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார். அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமல் போனால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். துணி அதைத் தடுக்காது. ராத்திரி இருமலைத் தூசியால் வருவது என்றே இவர் நினைத்திருக்கிறார்.

கான்ட்ராக்டர் வழியாக சர்வீஸ் சென்டர் வண்டிகளும் இவரிடம் வருகின்றன. பேனலுக்கு இவ்வளவு என்று கூலி. "பில்ல நான் பாத்ததே இல்ல சார்."

பில்லைப் பற்றி இன்சூரன்ஸ் விதி சொல்வதைக் கேளுங்கள். பெயிண்டிங் செலவை மொத்தமாகப் போட்டிருந்தால், அதில் 25 சதவீதம்தான் பொருள் என்று கொண்டு, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். 8,000 ரூபாய் பில்லில் பொருள் 2,000, கழிவு 1,000. மீதி 6,000 பொருள் கணக்கில் வராதது. பெரும்பாலும் உழைப்பு என்றுதானே அர்த்தம்? அந்த உழைப்பைக் கொடுத்தவர் கைக்கு எவ்வளவு போகிறது? வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத கான்ட்ராக்டருக்கு எந்த உழைப்புக்காகப் பங்கு? இதைக் கேட்க ஆளில்லாததாலும்தான் கைக்குட்டையோடு ஒருவர் விஷத்தை மூச்சோடு இழுக்கிறார்.

கார் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பெயிண்டருக்கு நேரடியாக வேலை கொடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். காற்றுக்குழாய் வைத்த முகமூடி வாங்க முன்பணம் கொடுங்கள்.