பின்னால வா தாத்தா

போன கோடை விடுமுறைக்கு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய் மகள் வீட்டில் பத்து நாள் தங்கினேன். மூன்றாம் நாள் இரவே பேரன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். தப்பு என்னுடையது. மணி பதினொன்றாகியும் கணினியை விட்டு எழவில்லையே என்று வைஃபை சுவிட்சை அணைத்துவிட்டேன்.

அவன் ஆடிக்கொண்டிருந்தது டோட்டா 2. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். நடுவில் போனவன் ஐந்து நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் ஓடிப்போனவன் என்று பதிவாகிவிடுமாம். அதன்பின், இப்படித் தண்டனை பெற்ற மற்றவர்களோடு ஆடி, சொன்ன எண்ணிக்கை ஜெயித்தால்தான் பழைய வரிசைக்கு வர முடியும். 17(பி) மெமோ வாங்கியவன் நிலைமைதான். மெமோ வாங்கிக் கொடுத்தது நான்.

சமாதானம் பேசப் போனால் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். ஒருநாள் அவன் டியூஷன் போயிருந்தபோது நானே உட்கார்ந்து, கணினியோடு மட்டும் ஆடும் பயிற்சியைத் திறந்தேன். வில்லோடு நிற்கும் ட்ரோ ரேஞ்சர் என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்து, வழி தெரியாமல் காட்டுக்குள் போய்விட்டேன்.

அங்கே இரு அணிக்கும் சேராத பூதங்கள் இருக்கின்றன. நடுநிலைப் பூதங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்த நடுநிலை கொஞ்சம் புதிதுதான். அந்த மொழியில் மேசை, நாற்காலிகூடப் பெண்பால். இந்தப் பூதங்கள் யாரையும் தேடி வருவதில்லை. கிட்டே போனால் அடிக்கும், கொன்றால் தங்கம் கிடைக்கும். குதிரை உடம்புக்காரன் ஒருவன் காலைத் தரையில் ஓங்கி மிதித்தான். என் வில்லாளி அசைய முடியாமல் நின்றே செத்தாள். மறுபடி போனேன், மறுபடி செத்தேன்.

நான்காவது தடவை முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"நின்னுக்கிட்டே அடிக்காத தாத்தா. ஒரு அம்பு விடு, ரெண்டடி பின்னால வா. திரும்ப ஒரு அம்பு."

அவன் சொன்னபடி செய்தேன். பனி அம்பு பட்ட பூதம் மெதுவாக நடந்தது. என்னை எட்டுவதற்குள் நான் நகர்ந்திருந்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மீதியையும் சொன்னான். ஆரம்பத்தில் சின்னக் கூட்டத்தோடு மட்டும் மோத வேண்டும். கவசம் வாங்கினால் கை அடி குறையும், மந்திர அடி குறையாது. அடி வாங்கிவிட்டால் டேங்கோ என்ற பொருளைக்கொண்டு ஒரு மரத்தைத் தின்றால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பூதத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு, நம் சிப்பாய்கள் வரும் பாதைக்கு ஓடிவர வேண்டும். துரத்தி வரும் பூதம் சிப்பாய்களோடு மோதிக்கொள்ளும். அடி அவர்களுக்கு, தங்கம் நமக்கு. ஆபீசில் இதைச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ரொம்ப தூரம் துரத்தாது தாத்தா, திரும்பிப் போயிடும்."

"தெரியும்டா" என்றேன். திண்டிவனத்தில் வேலை பார்த்த ஆறு வருஷமும் காலை பாசஞ்சரைப் பிடிக்க இருட்டில் சைக்கிளில் போவேன். விழுப்புரத்தில் எங்கள் தெரு நாய்கள் முனை வரைக்கும்தான் துரத்தும். மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் எனக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே பின்வாங்குவேன்.

"அப்ப சைக்கிள்தான் உன் சிப்பாயா?" என்று சிரித்தான்.

அவன் தண்டனை தீர இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டியிருந்தது. அன்று இரவு பதினொன்றரை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து விளக்கை அணைக்கச் சொன்னாள். பத்து நிமிடம் கேட்டது நான்தான்.