மேடு இருந்த இடம்

நெகிரி செம்பிலானில் சைக்கிள் மிதித்து வளர்ந்தவனுக்கு ஊரின் பெயரைவிட அந்த ஊருக்கு முந்திய மேடுதான் முதலில் ஞாபகம் வரும். லுக்குட், போர்ட்டிக்சன் பக்கம் கடலோரத்தில் கொஞ்சம் சமதரை கிடைக்கும். மற்றபடி ஏறு, இறங்கு, மூச்சு வாங்கு, மறுபடி ஏறு. தித்திவங்சா மலைத்தொடர் தெற்கே வந்து குன்றுகளாக உடைந்து தேய்வது இந்த மாநிலத்தில்தான். அந்தக் குன்றுகளில் வெள்ளைக்காரன் முதலில் காப்பி நட்டான். காப்பி விலை விழுந்ததும் கித்தாவுக்கு, அதாவது ரப்பருக்கு, மாறினான். மாட்டு வண்டி ஏற வேண்டுமே என்று சடக்கை நேராக விடாமல் மேட்டைச் சுற்றிச் சுற்றி விட்டார்கள். மாட்டுக்காகப் போட்ட அந்த வளைவுகள்தாம் அறுபதுகளின் கடைசியில் என் கால்களைக் காப்பாற்றின.

ரந்தாவில் அப்பா பேப்பர் ஏஜெண்டு. கோலாலம்பூரிலிருந்து வரும் தமிழ் நேசன் கட்டு விடியுமுன் கடை வாசலில் விழுந்துவிடும். பள்ளி விடுமுறையில் லின்சம், பிராட்வால், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கு அதைக் கொண்டுபோவது என் பாடு. சைக்கிள் அப்பாவுடையது. பச்சை நிற ராலே, முழு இரும்பு. பின்சக்கரத்தில் உரசும் டைனமோ விளக்கு ஒன்று இருந்தது. வேகமாக மிதித்தால் பளிச்சென்று எரியும், நின்றால் அணைந்துவிடும். மேட்டில் இறங்கித் தள்ளும்போதுதான் வெளிச்சம் தேவை. அப்போது பார்த்து மினுக்கி மினுக்கிச் செத்துப்போகும்.

அந்த சைக்கிளைத் துடைக்கும்போதெல்லாம் அப்பா அவசரகாலத்துக் கதையை எடுப்பார். 1948க்குப் பிறகு தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று தோட்டத்து வாசலில் சோதனை. சைக்கிள் பம்பைக் கழற்றி உள்ளே அரிசி இருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்களாம். "நேசனையும் விரிச்சு உதறுவான்டா, எழுத்து கொட்டுமான்னு பாக்கிறாப்ல" என்பார். கதை சொல்லச் சொல்லப் பம்பு பெரிதாகிக்கொண்டே போனது வேறு விஷயம்.

நான் போய்ச் சேரும் நேரத்துக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போயிருப்பார்கள். கித்தா மரத்தை இருட்டோடு சீவினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். சடக்கின் இரண்டு பக்கமும் தலையில் கட்டிய விளக்குகள் மரத்துக்கு மரம் நகரும். இடுப்பில் கட்டிய கொசுவர்த்தியின் புகை, இருமல், வாளி இடிபடும் ஓசை. "யாரு, ஏஜெண்டு மவனா? பாத்து போப்பா, வளைவுல பாம்பு கெடந்துச்சு" என்று ஒரு குரல் வரும், ஆள் தெரியாது. அந்தத் தோட்டங்களில் பாதிப் பேரை எனக்குக் குரலாகத்தான் தெரியும். பகலில் ரந்தாவ் பசாரில் நேருக்கு நேர் பார்த்தாலும், வாயைத் திறந்த பிறகே அடையாளம் பிடிபடும்.

பத்து மணிக்கு மேல் பால் கொட்டகையில் கூடுவார்கள். காண்டாவின் இரு முனையிலும் தொங்கும் வாளிகளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு வரிசையில் நிற்க, கிராணி மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு அளவு எழுதுவார். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டுப்பால் நாற்றமும் அமில நெடியும் சட்டையில் ஏறிக்கொள்ளும். எங்கள் வீட்டில் என் சட்டையைத் தனியாகத்தான் ஊறவைப்பார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரு தாத்தா பேப்பர் வாங்குவார். படிக்கத் தெரியாது. என்னை உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார், கூலியாகப் பால் ஊற்றாத ஒரு காப்பி ஓ.

1969, 70இல் அவர் கேட்டதெல்லாம் ஒரே செய்திதான்: பெர்மிட். 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. நாற்பது வருஷம் மரம் சீவியவருக்குப் பாரம் நிரப்பி மனுப் போட வேண்டும் என்பதே விளங்கவில்லை, அது எந்தத் தேதிக்குள் என்பதும் விளங்கவில்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது செய்தி கொஞ்சம் மாறியிருக்கும் என்று எதிர்பார்த்தவர் மாதிரி முகத்தைப் பார்ப்பார். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் அப்படி வேலை இழந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் மதராசுக்கும் திரும்பினார்கள். அந்தத் தாத்தாவும் போனார். அடுத்த விடுமுறையில் அந்த லயத்தில் நேசன் வாங்கும் வீடுகள் குறைந்திருந்தன. என் பேப்பர் கட்டின் கனமும் அந்த அளவுக்குக் குறைந்தது. அப்போது எனக்கு அது மேடு ஏறச் சுலபமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி, மார்ச்சில் கித்தா இலையுதிர்க்கும். இலை பழுத்துச் செம்பும் ஆரஞ்சுமாக மாறி, ஒரே வாரத்தில் மேடு முழுவதும் மொட்டையாகும். ஆண்டெல்லாம் பச்சையாகவே கிடக்கும் இந்த நாட்டில் எங்களுக்குக் கிடைத்த ஒரே பருவமாற்றம் அதுதான். சருகு மூடிய சடக்கில் பிரேக்கை விட்டு இறங்கினால் சக்கரத்துக்குக் கீழே சரசரவென்று கூடவே ஓர் ஓசை ஓடிவரும். கொட்டை வெடிக்கும் காலம் வந்தால் ஆபத்து. தலைக்கு மேல் படீரென்று காய் பிளக்கும், பளபளத்த கொட்டைகள் சடக்கில் உருளும், அதன்மேல் சக்கரம் ஏறினால் பள்ளத்தில்தான் போய்க் கிடக்க வேண்டும்.

வேலை இல்லாத நாளில் கூட்டாளியோடு லிங்கி வரை மிதிப்போம். வழியில் மலாய்க் கம்பங்கள். சொத்து பெண்வழி இறங்கும் மினாங்கபாவ் வழக்கத்து வீடுகள், மாட்டுக்கொம்பாக முனை உயர்ந்த கூரைகள். லிங்கி தாண்டிப் பெங்காலான் கெம்பாஸில் ஷேக் அகமது மஜ்னூன் கல்லறையும் அதன் பக்கத்தில் வாள், கரண்டி, சுக்கான் என்று பெயர் வைத்த நெடுங்கற்களும் நிற்கின்றன. கல்லறைக் கல்வெட்டு 1467ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு எங்களுக்கு அது சைக்கிளைச் சாய்த்துவைக்க நிழல் உள்ள இடம், எதிரே தண்ணீர் தரும் ஒரு மலாய்க்காரப் பாட்டி. அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு நண்பர் பிரான்சின் பர்கண்டிக்குப் போய்த் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிய படங்களை அனுப்பியிருந்தார். அதே குன்றுகள், அதே வளைவு நெளிவுகள், பழைய கல் வீடுகள் உள்ள கிராமங்கள். அந்தத் திராட்சை நிலங்களை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பொறாமையாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். திராட்சைக்கு நிலத்தின் பெயர்தான் மதிப்பு. எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லித்தான் புட்டியை விற்கிறார்கள், ஆகவே சரிவைக் காப்பாற்றுகிறார்கள். கித்தாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. லின்சம் பாலும் பகாவ் பாலும் கப்பலில் ஏறினால் ஒன்றுதான். முப்பது வருஷத்தில் மரம் ஓய்ந்துவிடும், வெட்டிவிட்டு எது லாபமோ அதை நடலாம்.

நட்டார்கள். செம்பனை வந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் வெள்ளைக்காரரின் கத்ரி தோட்டக் கம்பெனி மலேசியர் கைக்கு வந்தபோது எல்லாரும் கைதட்டினோம். இந்த மாநிலத்தில் அவர்களுக்குத் தோட்டங்கள் நிறைய. துரை மாறினான், மரம் மாறுவது நிற்கவில்லை. செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம். அதன் அடியில் வெளிச்சமும் வேறு. கித்தாவின் கீழே வெயில் சல்லடையில் விழுந்த மாதிரி சிதறிக் கிடக்கும், செம்பனையின் கீழே பகலிலேயே இருட்டு. அப்புறம் செம்பனையையும் அழித்து வீடுகள். நீலாய், செனவாங், சென்டாயான் எல்லாம் அப்படி எழுந்த ஊர்கள். லயத்துச் சனம் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குப் போனது. தமிழ்ப் பள்ளிகள் மட்டும் பலகையில் தோட்டப் பெயரை விடவில்லை: லாடாங் லின்சம், லாடாங் பிராட்வால், லாடாங் சென்டாயான். 2019 தொடக்கத்தில் தமிழ் நேசனும் நின்றது.

இப்போது வார இறுதியில் கோலாலம்பூர்க்காரர்கள் கார்பன் சைக்கிளில் இந்தப் பக்கம் வருகிறார்கள். கெந்திங் பெராஸ் கணவாய் ஏறிக் குவாலா கிளாவாங்கில் இறங்குவார்கள். புதிய சாலை வந்தபின் ஓய்ந்துவிட்ட பழைய புக்கிட் புத்துஸ் வளைவுகளிலும் ஏறுவார்கள். என் மச்சினன் மகனும் அந்தக் கூட்டம். போன மாதம் சென்டாயான் பக்கம் போய்வந்து கைப்பேசியில் கோடு ஒன்றைக் காட்டினான். ஏற்ற இறக்கத்தைச் செயற்கைக்கோள் வரைந்து தருகிறதாம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாக்கு வெளியே தொங்க ஏறிய இடத்தில் கோடு படுத்துக் கிடந்தது.

"இங்க பெரிய மேடுடா" என்றேன்.

"இல்லையே மாமா, ஃபிளாட்தான்."

இயந்திரம் விட்டு வெட்டிப் பள்ளத்தில் நிரவி, வீடு கட்டியிருக்கிறார்கள். ஆள் போவதைப் பார்த்தேன், மரம் போவதைப் பார்த்தேன். மேடும் போகும் என்று நினைத்ததில்லை. பையன் நம்புகிற மாதிரி தெரியவில்லை. சாட்சிக்கு, முன்பு அந்த மேட்டுப் பக்கத்து லயத்தில் இருந்து இப்போது தாமானில் மகள் வீட்டில் இருக்கும் ஓர் அக்காவிடம் அவனை அழைத்துப்போனேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், தோளில் காண்டா பதிந்த தடம் இன்னும் தடித்து நிற்கிறது.

"இருந்துச்சுப்பா மேடு. ரெண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கிட்டு மழையில அதுல எறங்கினவ நான்" என்றார் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நெரவிட்டானா? நல்ல காரியம் பண்ணான். நீ எதுக்குத் தம்பி அத இன்னும் தேடிக்கிட்டுத் திரியற, பசியாறுனியா இல்லையா?" என்றார்.