நெடுந்தீவின் கல்வேலிகள்

தேசியப் பூங்கா என்றதும் நம்மவர் ஹோட்டன் சமவெளி போன்ற மலைநாட்டையே எண்ணுவர். எங்கள் சாட்டியிலிருந்து புங்குடுதீவு சென்று, குறிகாட்டுவானிற் படகேறினால் அடையத்தக்க நெடுந்தீவிலும் 2015ஆம் ஆண்டு முதல் அத்தகைய பூங்கா ஒன்றுண்டு. அங்கே மலையில்லை. சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண், அதிற் புல், புல்வெளியில் மட்டக்குதிரைகள்.

மாணவர் சிலரை நாம் அங்கே அழைத்துச் சென்றபோது, "இது இயற்கையாகவே அமைந்த வெளிதானே, ஐயா?" என்று ஒருவர் வினவினார். அன்று, மனிதர் கைபட்ட நிலம் அது.

குதிரைகள் அந்நியர் ஆட்சிக்காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் பிரித்தானிய அதிகாரி அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். வளர்ப்போர் போயினர், குதிரைகள் தாமே திரியலாயின. தீவில் நிற்கும் பெருக்கமரத்தின் தாயகமோ ஆபிரிக்கா. சாந்தின்றி முருகைக்கற்களை அடுக்கிய வேலிகளில், கல் பொறுக்கிப் பயிர்நிலம் கண்டவர்களின் உழைப்பு உறைந்து கிடக்கிறது.

இவ்வரலாற்றை அறிவதாற் பயனென்ன? கடுங்கோடையிற் குதிரைகள் நீரின்றி மடிகின்றன. அதனை இயற்கையின் நியதியென்று விட்டுவிடலாகாது. குதிரையைக் கொணர்ந்தவன் மனிதன்; நீர் வார்க்கும் கடனும் அவனதே. கேணிகளைத் தூர்வாருவது பூங்காவின் இயல்பைக் கெடுப்பதன்று. அந்நிலத்தை ஆக்கியோரின் தொழிலைத் தொடர்வதேயாகும்.

நெடுந்தீவு செல்லும் இளைஞர் குதிரைகளோடு கல்வேலிகளையும் நின்று நோக்குவாராக.