மருமான் கேட்ட பாம்பு

2023-ஆம் வருஷக் கோடையில் டெக்ஸாஸில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாளே எனக்கு ஒரு வேலை வந்தது.

"அண்ணா, நீதான் அவனுக்குப் புத்தி சொல்லணும். பாம்பு வளர்க்கணுமாம்!"

பையனுக்குப் பதினைந்து வயது. தகப்பனார் காலமாகி இரண்டு வருஷம். அதற்குப் பிறகு அவன் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் இது. அதனால் 'கூடாது' என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அதைச் சொல்ல என்னைப் பிடித்தாள்.

எனக்குப் பாம்பில் உள்ள பாண்டித்தியம் மண்ணுளியோடு சரி. ஊரில் அதை இருதலை மணியன் என்பார்கள். ஆறு மாதம் இந்தத் தலை, ஆறு மாதம் அந்தத் தலையாம், நக்கினால் குஷ்டமாம். இருப்பது என்னவோ ஒரு தலையும் ஒரு மழுங்கின வாலும்தான். அதைப் பிடிப்பதே 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அப்படியும் அதற்கு லட்சக் கணக்கில் விலை பேசி ஏமாறுகிறவர்கள் உண்டு. பையன் கேட்ட போவா, அதற்குத் தூரத்து உறவு. தென் அமெரிக்கக் காட்டுப் பிராணி.

"முதல் பாம்பே இவ்வளவு பெரிசா, ஏண்டா?" என்று ஆரம்பித்தேன்.

அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தான். "ஆண் குட்டியா வாங்கினா ஐந்தடி, ஆறடியோட நின்னுடும், மாமா. பெண்தான் எட்டடி கூடப் போகும்."

"சின்ன ஜாதி ஒன்றும் இல்லையா?"

"பால் பைதான் இருக்கு. ஆனா அது சில சமயம் மாசக்கணக்கில் சாப்பிடாது. போவா அப்படிப் பிகு பண்ணாது."

நாலடிக் கண்ணாடிப் பெட்டி. ஒரு பக்கம் தொண்ணூறு டிகிரிச் சூடு, மறு பக்கம் எண்பது. சூட்டை அளந்து காக்க ஒரு தெர்மாஸ்டாட். காட்டில் பிடித்ததை வாங்கக் கூடாது, வளர்ப்பில் பிறந்ததுதான் வேண்டும் - எல்லாம் எழுதி வைத்திருந்தான். இரையை மூச்சுத் திணறடித்துக் கொல்கிறது என்று நினைத்தது தப்பாம். இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறதாம், 2015-ல் கண்டுபிடித்தார்களாம். இதைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எப்படி நினைத்தானோ!

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "இருபது முப்பது வருஷம் உயிரோடு இருக்குமாமே. அதுதான் எனக்குப் பயம்."

"எனக்கு அதுதான் மாமா பிடிச்சிருக்கு" என்றான், நோட்டை மூடிக்கொண்டே.

அப்புறம் நான் என்ன புத்தி சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை, பாம்பு வளர்த்து விற்கிற ஒருவரிடம் போனோம். போவா முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. ஒன்றரை அடிக் குட்டி ஒன்றை என் கையில் விட்டார். வழவழ என்று ஈரமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், உலர்ந்திருந்தது. வாலுக்குச் சற்று மேலே இரண்டு முள் நீட்டியிருந்தது. என்றைக்கோ இருந்த கால்களின் மிச்சமாம். எனக்கு ஏனோ அதன் மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

சண்டை வந்தது வேறு விஷயத்தில். அதற்கு ஆகாரம் உறைய வைத்த எலி. நாலு தலைமுறையாக முட்டை கூட நுழையாத குடும்பம். "நான் தோசை மாவு வைக்கிற ஃப்ரிட்ஜில் எலியா!" என்று தங்கை அழுதே விட்டாள். காரேஜில் தனியாக ஒரு சின்னப் பெட்டி ஃப்ரீஸர் வாங்கி வைத்தோம். அந்தப் பக்கம் தான் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

நான் ஊர் திரும்பி ஆறு மாதம் இருக்கும். விடியற்காலையில் டெலிபோன். பையன் பள்ளிக்கூடத்தோடு எங்கோ வெளியூர் போயிருக்கிறான்.

"அண்ணா, நேத்து வெந்நீரில் வைத்து எடுத்து, இடுக்கியால் நீட்டினேன். திரும்பியே பார்க்கலை. இது சாப்பிடாமல் இருந்ததே இல்லை!"

யார், எதை என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

"கண் எப்படி இருக்கு?"

"பால் படிந்த மாதிரி, நீலமா..."

"சட்டை உரிக்கப் போகிறது. அதுவரைக்கும் சாப்பிடாது. அவன் நோட்டில் பார், இருக்கும்."

"இரு" என்றாள். காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.