வலியும் ஓர் அமானிதமே

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஜும்ஆத் தொழுகையை முடித்துப் பள்ளிவாசலின் கல் முற்றத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தோம். உச்சி வெயிலில் கருங்கல் தளம் கொதித்தது. இளைஞர்கள் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடினர். முதியோர் விரல் நுனியை ஊன்றி விரைந்தனர். யாமோ வழக்கமான நடையில் நிதானமாக நடந்தோம். "ஹஜரத்துக்கு எவ்வளவு ஸப்ரு பாருங்கள்!" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அதை மறுக்க எமக்குத் தோன்றவில்லை. உள்ளூர மகிழ்ந்தோம் என்பதே உண்மை.

அஸர் நேரத்தில் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து உளூச் செய்தபோது, அருகிலிருந்த மாணவர் ஒருவர், "ஹஜரத், உங்கள் காலில் என்ன?" என்று பதறினார். வலக்காலைத் தூக்கிப் பார்த்தோம். பெருவிரலின் அடியிலும் குதிகாலிலும் கொப்புளங்கள். அவற்றுள் ஒன்று உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் காலோடுதான் மதரஸாவுக்கு நடந்திருக்கிறோம். இரண்டு மணி நேரம் பாடமும் நடத்தியிருக்கிறோம். எமக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மருத்துவர் எம் கண்களை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றை, அது வளையுமளவுக்கு உள்ளங்காலில் அழுத்திப் பார்ப்பது அவர்களுடைய சோதனையாம். "எப்போது தொடப் போகிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் பத்து இடங்களைத் தொட்டு முடித்திருந்தார்.

சர்க்கரை நோய் எமக்கு ஒன்பது ஆண்டுகளாக உண்டு. மாத்திரையை நினைத்தபோது உண்பதும் மறந்தபோது விடுவதுமாக இருந்தோம். அதன் விலையை எம் பாதங்கள் கொடுத்திருந்தன. புண் ஆற இரண்டு மாதங்கள் ஆயின. அதுவரை நாற்காலியில் அமர்ந்தே தொழ நேர்ந்தது. ஊரார் ஸப்ரு என்று வியந்தது ஸப்ரு அல்ல, நோய். வலியை உணர்ந்து தாங்குபவனுக்கே பொறுமையின் கூலி உண்டு. உணராதவன் எதைப் பொறுத்தான்?

வீட்டில் கிடந்த அந்நாட்களில், நரம்பு என்றால் என்ன என்று கற்கத் தொடங்கினோம். முதலில் எம்மை ஈர்த்தது சொல்தான். அரபியில் நரம்புக்கு 'அஸப்' என்று பெயர். அதன் வேர்ச்சொல் கட்டுதல் என்னும் பொருளுடையது. தலையிற் கட்டும் துணி 'இஸாபா'. ஒன்றுபட்ட கூட்டம் 'உஸ்பா'. பாகப்பிரிவினைச் சட்டத்தில் தந்தைவழி உறவினர் 'அஸபா'. இப்னு கல்தூன் 1377-ஆம் ஆண்டு எழுதிய முகத்திமாவில் ஓர் இனத்தைப் பிணைக்கும் பற்றுக்கு 'அஸபிய்யா' என்று பெயரிட்டார். தமிழில் யாழின் தந்தியும் நரம்பே. 'நியூரான்' என்னும் சொல்லுக்குத் தாயான கிரேக்கச் சொல்லும் நாணையும் தசைநாரையும் குறித்தது. மூன்று மொழியாரும் நரம்பைக் கயிறு என்றே கண்டனர்.

கயிறுதான், ஆனால் உயிருள்ள கயிறு. நூல் போல் தோன்றும் ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் கற்றையாகச் செல்கின்றன. ஒவ்வோர் இழையும் நியூரான் என்னும் ஓர் உயிரணுவின் நீண்ட கரம். மனித மூளையில் மட்டும் இவ்வணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எம் கால் விரலின் செய்தியை ஏந்தி வரும் நியூரானின் உடல் காலில் இல்லை. இடுப்புக்கருகே முதுகெலும்பின் பக்கத்தில் இருக்கிறது. அவ்வுடலின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலிருந்து புறப்படும் இழையோ ஏறக்குறைய ஒரு மீட்டர் நீண்டு விரல் நுனியைத் தொடுகிறது.

இவ்விழையின் உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருக்கும். உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் காத்திருக்கும். போதிய தூண்டுதல் நேர்ந்தால், இழையின் சுவரிலுள்ள நுண்கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த மாற்றம் அடுத்த கதவைத் திறக்க, அது அதற்கடுத்ததைத் திறக்க, செய்தி அலையாக ஓடுகிறது. மையலின் என்னும் கொழுப்புறை சுற்றிய பருத்த இழைகளில் அது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தையும் எட்டும். உறையில்லாத மெல்லிய வலியிழைகளில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். வாசற்படியில் விரலை இடித்துக்கொண்டால் சுரீரென்ற வலி முதலிலும், ஆழ்ந்த நோவு சற்றுப் பின்னரும் வருவது இதனால்தான்.

சுடுவதை அறியும் கதவும் தனியே உண்டு. 1997-இல் டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் குழுவினர் அதனைக் கண்டறிந்தனர்; 2021-இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 43 பாகை செல்சியஸ் அளவிலான சூட்டில் திறக்கும் அதே கதவை மிளகாயின் காரமும் திறக்கிறதாம். மிளகாய் கடித்தாலும் தீ பட்டாலும் 'எரிகிறது' என்று ஒரே சொல்லைச் சொல்லும் நம் வீட்டுப் பெண்மக்கள் இதை எந்த ஆய்வுக்கூடத்திலும் கற்கவில்லை!

இன்னொரு செய்தியும் எம்மைச் சிந்திக்க வைத்தது. 1873-இல் இத்தாலியரான கோல்ஜி, வெள்ளிச் சாயம் கொண்டு நரம்பணுக்களைக் கருநிறத்தில் தெரியச் செய்யும் வழியைக் கண்டார். நரம்பு மண்டலம் முழுவதும் இடைவெளியற்ற ஒரே வலை என்பது அவர் கொள்கை. அதே சாயத்தைப் பயன்படுத்திய ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காகல், ஒவ்வொரு நியூரானும் தனித்தனியே நிற்கிறது என்றார். 1906-இல் இருவரும் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கருத்தில் மட்டும் இணங்கவில்லை. பிற்கால ஆய்வு காகலின் கொள்கையையே பெரிதும் நிலைநாட்டியது. அணுவுக்கும் அணுவுக்கும் இடையே, பெரும்பாலும், மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவில் ஓர் இடைவெளி உண்டு. ஓர் அணு சுரக்கும் இரசாயனப் பொருள் அதைக் கடந்து மற்றதை எழுப்புகிறது. ஆக, உடலைக் கட்டும் கயிறு தனித்தனி அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்வதால் உண்டான கட்டு. செய்தி நின்றால் கட்டும் அவிழ்கிறது.

எமக்கு அவிழ்ந்தது அவ்வாறே. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, நரம்பிழைகளையும் அவற்றுக்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் மெல்ல மெல்லக் கெடுக்கிறது. மிக நீண்ட இழைகளே முதலில் நலிகின்றன. ஆகவே பாதத்தில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மேலேறுகிறது மரப்பு. இப்னு ஸீனா (மறைவு 1037) தம் அல்கானூனில் வலியைப் பதினைந்து வகையாகப் பகுத்து, மரப்பு வலியையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். மரத்துப்போவது எப்படி வலியாகும் என்று இளமையில் வியந்திருக்கிறோம். கொப்புளம் காண்பதற்கு ஓராண்டு முன்பே இரவுகளில் பாதம் காந்தியதும், ஊசி குத்துவதுபோல் இருந்ததும், அது தானாகவே அடங்கியபோது குணமாயிற்று என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னதும் இப்போது நினைவுக்கு வருகின்றன. அது குணமன்று, காவலன் இறந்துவிட்டான்.

வலியின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் நம் மண்ணில் பணியாற்றியவர். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர்தாம் அவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் நம்பினர். நோய்க்கிருமி நரம்புறை அணுக்களில் குடியேறி உணர்வைக் கொல்கிறது. பின்னர் அவர்கள் அறியாமலே படும் சூடும் வெட்டும் முள்ளுமே விரல்களைத் தின்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். ஏற்ற காலணியும், நாள்தோறும் கைகால்களைக் கண்ணால் பார்த்துக்கொள்ளும் பழக்கமுமே அதற்குக் காப்பு என்றார்.

எம் மருத்துவரும் அதனையே சொன்னார்: "இனி உங்கள் கண்தான் உங்கள் காலுக்கு நரம்பு." இதைக் கேட்டபோது எமக்கு நாணமாயிற்று. நாளில் ஐந்து வேளை பாதத்தைக் கழுவுகிறோம். விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கை கழுவியதே தவிர, கண் ஒருநாளும் பார்க்கவில்லை. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இதைப் படிக்கும் வீடுகளிலும் அந்நோயினர் இருப்பர். அவர்களுக்கு எம் வேண்டுகோள் இதுதான்: ஒரு வேளை உளூவிலேனும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், குனிய இயலாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். விரலிடுக்கின் ஈரத்தைத் துடையுங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காதீர்கள். செருப்பை உதறிப் பார்த்து அணியுங்கள். மருந்தை விடாதீர்கள். போன உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை, இருப்பதைக் காத்துக்கொள்ளலாம்.

இறைநம்பிக்கையாளரை ஒரே உடலுக்கு உவமித்து, ஓர் உறுப்பின் நோவில் உடல் முழுவதும் பங்கு கொள்வதைக் காட்டிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழியைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறோம். நோவதாகச் சொல்லவும் இயலாத உறுப்பைப் பற்றி யாம் எண்ணியதில்லை. அன்று எம் காலுக்காகப் பதறியது எம் நரம்பன்று. ஹவுளின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு மாணவரின் கண். அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. வலியைத் தந்த அவனே, அதை அமானிதமாகப் பேணும் அறிவையும் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.