தோற்கும்போது மட்டும் ஓய்வா?

ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் உழைத்துப் பெற்ற சம்பளம் கைப்பேசிச் சீட்டாட்டத்தில் கரைவதை நம் மஹல்லாக்களிலும் காண்கிறோம். “தொடர்ந்து தோற்றால் சில நாள் நிறுத்திவிடுவேன்” என்பர் ஆடுவோர். விட்டதைப் பிடிக்கத் திரும்புவதற்கே அந்த ஓய்வு.

2025 பிப்ரவரியில் தமிழக அரசு, பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணிவரை தடுத்தது. நன்றே, ஆனால் அத்தடை விலகுவது நாம் ஃபஜ்ருக்கு எழும் வேளையில்! ஆகஸ்டில் நாடாளுமன்றம் முழுத்தடைச் சட்டமே இயற்றியது.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் சூதாட்டத்தை விட்டே விலகச் சொல்கிறது. தோல்வி, வெற்றி என்று பிரிக்கவில்லை. வென்ற பணமும் இன்னொரு வீட்டின் சம்பளம்தானே?

தவ்பா செய்பவர் செயலியை நீக்கி, ஏடிஎம் அட்டையை வீட்டாரிடம் ஒப்படைக்கட்டும். வீட்டாராகிய நாமும் ஏசாமல் வாங்கி வைப்போம்.