வந்தவாசியில் ஒரு பகல்

காஞ்சிபுரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பலர் வந்தவாசியைத் தாண்டித்தான் போகிறார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு டீ குடித்ததும் வண்டி சேத்துப்பட்டுப் பக்கம் திரும்பிவிடும். இந்த ஊரில் ஒரு பகல் முழுக்க இருந்து பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

காலை வெயில் ஏறுமுன் பொன்னூர் மலைக்குப் போய்விட வேண்டும். சேத்துப்பட்டு சாலையில் சுமார் எட்டு கிலோமீட்டர். படிக்கட்டு உண்டு, சிறிய மலைதான். உச்சியில் செண்பக மரத்தடியில் பாறையில் செதுக்கிய பாதங்களைச் சமண ஆசாரியர் குந்தகுந்தருடையவை என்று வணங்குகிறார்கள். ‘சமயசாரம்’ இயற்றிய அந்த மாமுனிவர் இங்கே தவம் செய்தார் என்பது நம்பிக்கை. வட நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சமணர்கள் வருகிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சமணர்களும் வாழ்கிறார்கள். இராச்சாப்பாட்டைப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுகிற வழக்கம் அவர்களிடம் இன்னும் இருக்கிறது. சமணம் தமிழ்நாட்டில் எப்போதோ மறைந்துபோன மதம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பக்கம் ஒருமுறை வந்துபோக வேண்டும்.

மலையிலிருந்து திரும்பிய பிறகு, நடை சாத்துவதற்குள் தென்னாங்கூர் பாண்டுரங்கன் கோயிலையும் பார்த்துவிடலாம். ஒடிசாக் கோயில்களை நினைவூட்டும் விமானம், உள்ளே ஓங்கி நிற்கும் பாண்டுரங்கன், பக்கத்தில் ரகுமாயி. சமீப காலத்துக் கோயில்தான். ஆனால் மீனாட்சியம்மன் பிறந்த ஊர் இது என்று ஓர் ஐதீகமும் உண்டு.

ஊருக்குள் வந்தால் கோட்டை. வந்தவாசிப் போர், 1760 என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். முந்தைய ஆண்டின் கடைசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் இந்தக் கோட்டையைப் பிடித்திருந்தார். அதை மீட்க ஃபிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகையிட்டார். ஜனவரி 22ஆம் தேதி வெட்டவெளியில் இரு படைகளும் மோதின. சண்டை உச்சத்தில் இருந்தபோது, ஏரிப் பக்கம் நின்றிருந்த ஃபிரெஞ்சுப் பிரிவின் வெடிமருந்து வண்டியில் குண்டு விழுந்து அது வெடித்துச் சிதறியது. அந்த அணி குலைந்தது. ஃபிரெஞ்சுக்காரர்களுக்கு உதவ வந்த மராட்டியக் குதிரைப்படை ஒதுங்கியே நின்றது. இன்னொரு ஃபிரெஞ்சுத் தளபதியான புஸ்ஸி கைதியானார். மறு வருடம் ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. தோற்றுத் திரும்பிய லாலியின் தலையை 1766இல் பாரிஸில் வெட்டினார்கள். தென்னிந்தியா யார் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு இந்த வயல்வெளியில்தான் விடை கிடைத்தது. இன்று கோட்டை என்று காட்ட இடிந்த சுவர்களும் அகழியின் மிச்சமும்தான் இருக்கின்றன. இவ்வளவு பெரிய நிகழ்ச்சி நடந்த இடத்தை இப்படிப் புதர் மண்ட விட்டிருக்கிறோமே என்று வயிறு எரிகிறது.

தேரடி, பஜார் வீதி, நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் விற்பனைக்கூடம் எல்லாம் ஒரு சுற்றில் முடிந்துவிடும். எழுத்தாளர் அ.வெண்ணிலாவும், 2021இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற மு.முருகேஷும் இந்த ஊர்க்காரர்களாக அறியப்படுகிறவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மதியத்துக்கு மேல் நேரத்தைப் பாய்க்கு ஒதுக்குங்கள். பட்டு வேண்டுமென்றால் ஆரணி இருக்கிறது. வந்தவாசியின் பெயர் கோரையில்தான் நெய்யப்பட்டிருக்கிறது. காவிரிக்கரையிலிருந்து கட்டுக்கட்டாக லாரியில் வந்து இறங்கும் கோரையைப் பிளந்து வெயிலில் காயப்போடுகிறார்கள். பிறகு கொஞ்சத்துக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். நெய்வதற்கு முன் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த கோரை முறிந்துவிடும். கைத்தறிக்கு இரண்டு பேர். ஒருவர் நீளக் குச்சியில் கோரையைக் கோத்துப் பாவு நூல்களுக்கு ஊடே தள்ளுவார். குச்சி திரும்பி வரும் அதே நொடியில் மற்றவர் அச்சை இழுத்து அடித்து இறுக்குவார். ஒரு சொல் பேச மாட்டார்கள். கை மட்டும் பேசிக்கொள்ளும். குனிந்தபடி நாளெல்லாம் செய்கிற இந்த வேலைக்கு முதுகுதான் விலை. இப்போது பெரும்பாலும் மிஷின் தறிதான். கைத்தறியில் உட்காரப் பிள்ளைகள் வருவதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிளாஸ்டிக் பாய் வந்து பாதி வியாபாரத்தைத் தின்றுவிட்டது. வெக்கை நாளில் வெறும் உடம்போடு கோரைப் பாயில் படுத்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்கு முன் தறிக்காரர் வீட்டிலேயே ஒரு பாய் வாங்குங்கள். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.